3478ஏ: மீட்டர் தங்கம், பேட்டரிதான் தலைவலி

ஹியூலெட்-பேக்கார்டு 3478ஏ பற்றிப் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. 1980களில் வந்த ஐந்தரை இலக்க மேசை மல்டிமீட்டர். நான்கு கம்பி ஓம், 300 வோல்ட், 3 ஆம்பியர். மீதியெல்லாம் தேடினால் கிடைக்கும். பழைய சாமானாக வாங்கியது, சில மாதங்களாக என் மேசையில் தினமும் ஓடுகிறது. கொஞ்ச நேரம் சூடேற விட்டால் கடைசி இலக்கம்கூட அடங்கி நிற்கிறது. பட்டன்கள் இன்னும் அழுத்தமாக, சொன்ன பேச்சு கேட்கின்றன.

நான் எழுத வந்தது, உள்ளே போர்டில் சால்டர் வைத்துப் பொருத்தியிருக்கும் ஒரு 3 வோல்ட் லித்தியம் பேட்டரியைப் பற்றி.

3478ஏ-க்கு முந்தைய பல மீட்டர்களில் கேலிப்ரேஷன் என்றால் மூடியைக் கழற்றி டிரிம்பாட்டுகளைத் திருகுவது. இதில் அந்த வேலை இல்லை. ஒவ்வொரு ரேஞ்சுக்கும் உரிய திருத்த எண்கள், நான்கு பிட் வீதம் 256 இடங்கள் கொண்ட ஒரு சின்ன ரேமில் உட்கார்ந்திருக்கின்றன. பிளக்கைப் பிடுங்கியபின் அவற்றைக் காப்பது அந்தப் பேட்டரி மட்டுமே. அது போனால் மீட்டர் செத்துவிடாது. ஆன் ஆகும், எண்ணும் காட்டும்; அந்த எண்ணை நம்பத்தான் முடியாது. மறுபடி கேலிப்ரேட் செய்ய அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்குக் கொண்டுபோனால் மீட்டர் வாங்கிய காசைவிடக் கட்டணம் கூடிவிடலாம்.

பழைய கருவி விற்பவர்கள் சொல்லும் ஒரு வசனம் எனக்கு ஆகவே ஆகாது: “பேட்டரி செக் பண்ணிட்டேன் சார், மூணு வோல்ட் இருக்கு.” இருக்கும்தான். லித்தியம் பேட்டரி தன் ஆயுள் முழுக்க ஏறக்குறைய அதே வோல்டேஜைக் காட்டிக்கொண்டிருந்து, கடைசியில் சட்டென்று சரியும். 2.7-க்கு வந்துவிட்டால் அன்றே மாற்ற வேண்டியதுதான். 3.0 காட்டினால் அதிலிருந்து ஒன்றும் தெரியாது.

தெரிய வேண்டியது கரண்ட். புது பேட்டரி போடும்போதே தொடரில் ஒரு 10 கிலோஓம் ரெசிஸ்டரைச் சேர்த்து, மீட்டரை அணைத்துவிட்டு, அந்த ரெசிஸ்டரின் குறுக்கே வேறொரு மீட்டரால் வோல்டேஜை அளக்க வேண்டும். 10 மில்லிவோல்ட் என்றால் 1 மைக்ரோஆம்பியர். அந்த அளவில் 1,000 மில்லியாம்பியர்-மணி பேட்டரி கணக்குப்படி நூறு வருடம் தாண்டும். அதற்கு முன்பே தானாக வயதாகிச் சாகும். அதுவே 500 மில்லிவோல்ட் காட்டினால் இரண்டேகால் வருடம்தான். அப்போது குற்றவாளி பேட்டரி அல்ல; கசியும் கெப்பாசிட்டரையோ டையோடையோ ரேமையோ பார்க்க வேண்டும். புது பேட்டரி போட்டும் மறுபடி மறுபடி மெமரி போகிறது என்று புலம்புபவர்கள் பெரும்பாலும் இந்த ஒரு அளவை எடுக்காதவர்கள்.

இதில் எனக்குக் கிடைத்த எதிர்பாராத சந்தோஷம், அந்த ரேமை வெளியிலிருந்தே படிக்கலாம் என்பது. பின்பக்க ஜிபிஐபி இணைப்பு வழியாக ‘டபிள்யூ’ என்ற எழுத்தும் முகவரியும் அனுப்பினால் ஒவ்வொரு இடத்தின் மதிப்பும் ஓர் எழுத்தாகத் திரும்புகிறது. கணினித் திரையில் ‘அட்’ (@) குறியும் ஆங்கில ஏ முதல் ஓ வரையிலான எழுத்துகளும் வரிசையாக விழும். 13 எழுத்துக்கு ஒரு பதிவு. அதில் கடைசி இரண்டு சரிபார்ப்புத் தொகை. 13-ஐயும் சரியாகப் படித்தோமா என்று நாமே கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம். இவ்வளவு உதவியான கட்டளையைப் பயனர் கையேட்டில் போடாமல் விட்டதுதான் எரிச்சல்.

பேட்டரிக்கு ஹோல்டர் வைத்திருக்கக் கூடாதா என்று திட்டுபவர்களோடு நான் சேரமாட்டேன். ஸ்பிரிங் தளர்ந்து ஒரு நொடி தொடர்பு விட்டால் எண்களெல்லாம் காலி. அதே நிறுவனத்தின் 3458ஏ-வில் பேட்டரியை ஐசிக்குள்ளேயே வைத்து மூடிய டாலஸ் மெமரிகள் இருக்கின்றன. அதை வெளியிலிருந்து அளக்கக்கூட வழியில்லை. வருடக் கணக்கை வைத்து மாற்ற வேண்டியதுதான். அதற்கு இது எவ்வளவோ மேல்.

மாற்றும் வேலை எளிது, பதற்றம்தான் அதிகம். மீட்டரின் பிளக்கையும் ஜிபிஐபி கேபிளையும் பிடுங்கிவிடுங்கள், எர்த் உள்ள சால்டரிங் அயர்னின் முனை ப்ளஸ் பக்கம் பட்டால் ஷார்ட் ஆகும் அபாயமும் அதோடு போகும். புது ஏஏ செல் இரண்டைத் தொடரில் வைத்து, ஒரு ஷாட்கி டையோடு வழியாகப் பழைய பேட்டரியின் முனைகளில் கிளிப் போட்டுவிட்டு, அதன்பின் பழையதை எடுங்கள். புதியது தகட்டுக் கால் வைத்ததாக இருக்கட்டும். லித்தியம் செல்லின் உடம்பில் நேராகச் சால்டர் வைப்பது வெடிப்பில் முடியலாம்.

3478ஏ கிடைத்தால் வாங்கலாம். வாங்கிய அன்றே மெமரியைப் படித்து, ஃபைலை இரண்டு இடத்தில் போட்டு வையுங்கள். மூடியைத் திறப்பதெல்லாம் அதற்குப் பிறகு. ஜிபிஐபி அடாப்டர் செலவையும் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும். அர்டுயினோ போர்டை வைத்தே அந்த அடாப்டரைச் செய்துகொள்ளலாம். அதற்கும் மனமில்லை என்றால் வேறு மீட்டர் பாருங்கள்.