அறிவிப்பாளர் இல்லாத செய்தி

தேர்தல் நெருங்கும்போதெல்லாம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் ஒருவகை உரைநடை பெருகிவிடுகிறது. எழுதியவர் பெயர் இராது, நாள் இராது, எல்லோருக்கும் அனுப்புமாறு ஒரு கட்டளை மட்டும் தவறாது இருக்கும். இது திறனாய்வுக்கு உரிய பொருளா எனச் சிலர் வினவலாம். நம் இல்லங்களில் மிகுதியாகப் படிக்கப்படும் எழுத்து இதுவாயிருக்க, இதை விடுத்து வேறெதை ஆராய்வது?

ஒன்றை எடுத்துக்கொள்வோம். 2019, 2024 நாடாளுமன்றத் தேர்தல்களின்போது பரவலாக உலவியது அது. வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லையாயின் ஆதார் அட்டையைக் காட்டி, 49ஏ பிரிவின்படி 'சாலஞ்ச் ஓட்டு' போடலாம். நம் வாக்கைப் பிறர் போட்டிருந்தால் 'டெண்டர் ஓட்டு' கேட்கலாம். டெண்டர் ஓட்டுகள் 14 விழுக்காட்டைத் தாண்டினால் மறுவாக்குப்பதிவு நடக்கும் என்பதே அதன் சாரம்.

இவற்றுள் நடுக்கூற்று மட்டுமே மெய். டெண்டர் ஓட்டுக்கு 1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளில் இடமுண்டு. 'சர்கார்' (2018) திரைப்படத்தால் பலரும் அதை அறிந்தனர். அவ்வாக்கும் தனியே முத்திரையிட்டு வைக்கப்படுமேயன்றி வழக்கமான எண்ணிக்கையில் சேராது. பட்டியலில் பெயரில்லாதார் வாக்களிக்க வழியில்லை. 49ஏ வாக்குப்பதிவு இயந்திரத்தின் அமைப்பைப் பற்றிய விதி. 14 விழுக்காடு என்பது எவ்விதியிலும் இல்லை. ஒரு மெய்யின் தோளில் இரு பொய்கள் சவாரி செய்கின்றன.

ஹதீஸ் கலை வல்லுநர்கள் மத்னோடு இஸ்னாதையும் துருவி ஆராய்ந்தனர். அறிவிப்பாளர் நல்லவர் என்பது மட்டும் அவர்களுக்குப் போதவில்லை. கேட்டதைப் பிசகாமல் காக்கும் துல்லியமும் வேண்டுமென்றனர். வணக்கசாலியே ஆயினும் நினைவு தடுமாறுபவரின் அறிவிப்பைப் பலவீனமென ஒதுக்கினர். குடும்பக் குழுவில் நிகழ்வது இதற்கு நேர்மாறு. அனுப்பியவர் சாச்சா, தொழுகை தவறாதவர், பொய் சொல்லமாட்டார் என்று நம்பிவிடுகிறோம். சாச்சா பொய் சொல்லவில்லைதான். அவருக்கு அனுப்பியவர் யார்? அவருக்கும் முன்னவர் யார்? 2018இல் வாட்ஸ்அப் சேர்த்த 'ஃபார்வர்டு' குறி, செய்தி கைமாறி வந்தது என்று மட்டுமே சொல்லும். யாரிடமிருந்து என்று சொல்லாது. சங்கிலி அறுந்த இடத்தில் சாச்சாவின் நற்பெயரை நாமே முடிச்சிடுகிறோம்.

இதன் கேடு சிறிதன்று. இச்செய்தியை நம்பியவர், பட்டியலைச் சரிபார்த்துப் படிவம் 6 அளிக்க வேண்டிய நாள்களை வீணே கழித்துவிடுவார். வாக்குப்பதிவன்று ஆதாருடன் சாவடிக்குச் சென்று வெறுங்கையோடு திரும்புவார். அவர் வாக்கைப் பறித்தது பகைவரன்று. அவர் நலம் நாடிய உறவே.

தீயவர் கொணரும் செய்தியைத் தீர விசாரிக்குமாறு திருமறையின் 49ஆவது அத்தியாயம் பணிக்கிறது. சாச்சா தீயவரல்லரே எனலாம். ஆயின் சங்கிலியின் மறுமுனையில் இருப்பவர் எத்தகையவர் என்பதை நாம் அறியோமே! "இது உங்களுக்கு யாரிடமிருந்து வந்தது, சாச்சா?" என்று கேட்பது மரியாதைக் குறைவன்று. அந்தக் கேள்வியைக் கேட்கத் தயங்காததாலேயே ஒரு மாபெரும் கலை நமக்கு வாய்த்தது.