வினையும் உருவும்: வீட்டுச் சிமுலேட்டரும் விமானிப் பயிற்சிச் சிமுலேட்டரும் – உவமவியல் நோக்கில் ஓர் ஒப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

வீட்டுக் கணினியில் இயங்கும் பறப்புச் சிமுலேட்டரும் விமான நிறுவனங்கள் தம் விமானிகளைப் பயிற்றுவிக்கும் முழுநிலைச் சிமுலேட்டரும் பெரும்பாலும் ஒரே ஏணியின் கீழ்ப்படியும் மேற்படியுமாகவே ஒப்பிடப்படுகின்றன. இவ்வொப்பீடு போதாது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. தொல்காப்பிய உவமவியல் உவமத் தோற்றமாகக் கூறும் வினை, பயன், மெய், உரு என்னும் நான்கும் இங்கு ஒப்பீட்டு அளவைகளாகக் கொள்ளப்படுகின்றன. கூமாப்பட்டி வட்டாரம் காட்சி குறித்த ஆய்வுக்குச் சான்றிடமாகிறது.

திறவுச்சொற்கள்: சிமுலேட்டர், விமானிப் பயிற்சி, போலி, உவமவியல், வினை, பயன், மெய், உரு, கூமாப்பட்டி.

முன்னுரை

பறக்காமலே பறக்கக் கற்பிக்கும் கருவியின் வரலாறு ஒரு நூற்றாண்டை நெருங்குகிறது. அமெரிக்காவில் இசைக்கருவி செய்யும் குடும்பத்தில் வளர்ந்த எட்வின் லிங்க், ஆர்கன் என்னும் இசைக்கருவியின் காற்றுத் துருத்திகளைக் கொண்டு 1929இல் தம் பயிற்சிக் கருவியை அமைத்தார். அஞ்சல் விமானங்களை ஓட்டிய இராணுவ விமானிகள் மோசமான வானிலையில் அடுத்தடுத்து உயிரிழந்த 1934இல்தான் அமெரிக்க இராணுவம் அதனை விலைகொடுத்து வாங்கியது. மற்றொரு கிளை கணினி விளையாட்டாக வளர்ந்தது. புரூஸ் ஆர்ட்விக் உருவாக்கிய நிரலை அடியொற்றி மைக்ரோசாப்ட் நிறுவனம் 1982இல் தன் பிளைட் சிமுலேட்டரை வெளியிட்டது. ஆக, ஒரு கிளை சாவைத் தவிர்க்கவும் மற்றொன்று ஆவலைத் தீர்க்கவும் வளர்ந்தவை. இத்தோற்ற வேறுபாட்டை மறந்து, ‘எது அதிகம் உண்மை போன்றது?’ என்று மட்டும் வினவும் ஒப்பீடுகள் பெரும்பாலும் திரைக்காட்சியின் தெளிவிலேயே நின்றுவிடுகின்றன.

இது வெறும் சொல்லாய்வன்று. விமானியாக விரும்பும் சிற்றூர் மாணவர் ஒருவர் முதலில் தொடக்கூடியது வீட்டுச் சிமுலேட்டரே. அதனை விளையாட்டு என்று ஒதுக்கினால் அவருக்குத் திறந்திருக்கும் முதற் கதவு அடைபடுகிறது. பயிற்சி என்று மிகைப்படுத்தினால் கணக்கில் வராத மணிநேரங்களுக்கு அவர் பணம் செலவிட நேர்கிறது. எனவே இரண்டும் எங்கு ஒக்கும், எங்கு ஒவ்வா என்பதைப் பிரித்தறிதல் தேவையாகிறது.

போலி என்னும் சொல்

தமிழில் இக்கருவிக்குச் சிமுலேட்டர் என்ற ஒலிபெயர்ப்பே பெருவழக்கு. உருவகப்படுத்தி, பாவனையாக்கி, போலியாக்கி போன்ற ஆக்கங்களும் எழுதப்படுகின்றன. இவற்றுள் ஒவ்வொன்றும் ஓர் இடர்ப்பாட்டைச் சுமக்கிறது. உருவகம் அணியிலக்கணக் கலைச்சொல். பாவனை இலங்கைத் தமிழில் பயன்பாட்டைக் குறிக்கும். போலி பொதுவழக்கில் ஏமாற்றைக் குறிக்கும்.

ஆயினும் இலக்கணத்தில் போலி என்பதற்கு நேர்மாறான மதிப்பு உண்டு. நிலம் என்பது நிலன் என்றும், மஞ்சு என்பது மைஞ்சு என்றும் வரும்போது எழுத்து மாறுகிறது, பொருள் மாறுவதில்லை. இம்மாற்றம் எங்கும் நிகழ்வதுமன்று. எந்த எழுத்து, எந்த இடத்தில், எதன் முன் மாறலாம் என்பதற்கு வரையறை உண்டு. பயிற்சிச் சிமுலேட்டர் இவ்விலக்கணப் பொருளில்தான் போலி. விமானம் என்ற ‘எழுத்து’ மாறினும் திறன் என்ற ‘பொருள்’ மாறாதிருக்க வேண்டும். எந்தப் பயிற்சியில் எந்த நிலைக் கருவி விமானத்துக்கு ஈடாகலாம் என்பதை ஒழுங்குமுறை அமைப்புகள் வரையறுக்கின்றன. வீட்டுச் சிமுலேட்டரின் சிக்கல் அது பொய் என்பதன்று. அதன் மாற்றத்துக்கு அத்தகைய வரையறை இல்லை என்பதே.

உரு: கூமாப்பட்டி உள்ள உலகும் இல்லாத உலகும்

உரு என்பதற்கு உரையாசிரியர்கள் நிறம் எனப் பொருள் கொள்வர். இங்கு அது கண்ணுக்குத் தோன்றும் காட்சி என விரித்துக் கொள்ளப்படுகிறது. இவ்வளவையில் வீட்டுச் சிமுலேட்டரே முந்துகிறது. 2020 ஆகஸ்டில் வெளிவந்த மைக்ரோசாப்ட் பதிப்பு வான்வழிப் படங்களையும் நில உயரத் தரவுகளையும் இணையம்வழிப் பெற்று உலகம் முழுவதையும் காட்டுகிறது. மதுரையில் மேலெழுந்து மேற்கு–தென்மேற்காகச் செல்பவர், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு அணைகளையும் அவற்றை அடுத்துள்ள கூமாப்பட்டியையும் நிலவமைப்பைக் கொண்டே தேட இயலும்.

எனினும் இக்காட்சி எங்கும் ஒரே தரத்ததன்று. தேர்ந்தெடுத்த நகரங்களே உள்ளவாறு முப்பரிமாணத்தில் அமைகின்றன. மற்ற இடங்களில், படத்தில் தெரியும் கூரைகளை நிரல் கண்டறிந்து, கையிருப்பிலுள்ள பொதுவகைக் கட்டடங்களை அவ்விடங்களில் நிறுத்துகிறது. ஸ்ரீவில்லிபுத்தூரின் பதினொரு நிலைக் கோபுரத்தை ஒருவர் தனியே மாதிரி செய்து சேர்த்தாலன்றி, நிரலுக்கு அதுவும் மற்றொரு கட்டடமே. 2025இல் சமூக ஊடகக் காணொலி ஒன்றால் கூமாப்பட்டி தமிழகமெங்கும் பேசப்பட்டதும், திரையில் கண்ட ஊரைத் தேடிப் பலர் வந்ததும் இங்கு நினைவுகூரத்தக்கன. காணொலி ஊரிலிருந்து சிலவற்றைத் தேர்ந்து காட்டியது. சிமுலேட்டர் ஊரில் இல்லாத சிலவற்றை ஊகித்து நிரப்புகிறது. இரண்டிலும் காட்சித் தெளிவு காட்சியின் உண்மைக்குச் சான்றாகாது.

பயிற்சிச் சிமுலேட்டருக்கோ கூமாப்பட்டி ஒரு பொருட்டன்று. அதன் காட்சித் தரவு விமான நிலையங்களைச் சுற்றியே செறிந்துள்ளது. ஓடுபாதைக் குறிகள், விளக்குகளின் வரிசை, இறங்குசரிவு சரியா எனக் காட்டும் சிவப்பு வெள்ளை விளக்குகள், சூழ்ந்துள்ள தடைகள், பயிற்றுநர் விரும்பியவாறு கூட்டியும் குறைத்தும் அமைக்கும் மூடுபனி ஆகியவையே அங்கு நுட்பம் பெறுகின்றன. மேலும், வளைந்த பெரிய கண்ணாடியின்வழி ஏறத்தாழ 180 பாகை அகலத்தில் காட்சி தொலைவில் இருப்பதுபோல் தோற்றுவிக்கப்படுவதால், அருகருகே அமர்ந்த இரு விமானிகளுக்கும் ஓடுபாதை சரியான கோணத்தில் தெரிகிறது. அழகு அங்கு நோக்கமன்று. உயரத்தையும் தொலைவையும் கண் சரியாக மதிப்பிடுவதே நோக்கம்.

மெய்: வடிவும் உடலும்

மெய் என்பது வடிவு. விமானி அறையின் வடிவும் அதில் அமர்ந்தவர் உடல் உணர்வதும் இவ்வளவையுள் அடங்கும். முழுநிலைச் சிமுலேட்டரில் ஒவ்வொரு பொத்தானும் நெம்புகோலும் உண்மையான விமானத்தில் உள்ள இடத்தில், உள்ள அளவில், உள்ள விசையோடு இருக்கும். அறை முழுவதையும் ஆறு கால்கள் தாங்கி ஆறு வகையாக அசைக்கின்றன. இவ்வசைவும் ஒருவகை மாயமே. வேகம் கூடுவதாக உணர்த்த அறை பின்புறமாகச் சாய்க்கப்படுகிறது. புவியீர்ப்பு முதுகை இருக்கையில் அழுத்த, உடல் அதை முடுக்கமாகக் கொள்கிறது. பின்னர் உணர முடியாத மெதுவான அசைவில் அறை நடுநிலைக்குத் திரும்புகிறது. நீடித்த மிகை ஈர்ப்பு விசையை இவ்வமைப்பால் தர இயலாது. ஆதலால் மேற்படியில் இருப்பதாகக் கருதப்படும் கருவிக்கும் மெய்யளவில் எல்லை உண்டு.

வீட்டில் இவ்வளவை மிகவும் மெலிகிறது. சுட்டியைச் சொடுக்கி இயக்கும் விசையைக் கை தேடிப் பழகுவதில்லை. உடல் அசைவும் சுற்றுக்காட்சியும் இல்லாததால் பயனர் கருவிமுகப்பையே மிகுதியும் நோக்கப் பழகுகிறார். கண்ணால் அடிவானத்தை நோக்கி ஓட்ட வேண்டிய தொடக்கநிலைப் பயிற்சியில் இப்பழக்கம் இடையூறாகலாம். கற்றதே கற்றலுக்குத் தடையாகும் இடம் இது.

வினை: இயக்கமும் நடைமுறையும்

வினையளவில் இடைவெளி எதிர்பார்ப்பினும் குறுகியது. இன்றைய வீட்டுச் சிமுலேட்டர்களில் தனியே விற்கப்படும் சில விமான மாதிரிகள் மின்சாரம், நீரியல் அழுத்தம், தானியங்கிப் பறப்பு ஆகிய அமைப்புகளை விரிவாக இயக்குகின்றன. சரிபார்ப்புப் பட்டியலின் ஒழுங்கையும், கருவிகளை மட்டும் கொண்டு பறக்கும் முறையையும், வழிகாட்டல் கணினியில் பாதையைப் பதிவதையும் இவற்றின்வழி மெய்யாகவே கற்கலாம். 2001 முதல் இயங்கும் வாட்சிம் வலையமைப்பில் தன்னார்வலர்களே கட்டுப்பாட்டாளர்களாக இருந்து வானொலிப் பேச்சு மரபையும் பயிற்றுகின்றனர்.

ஆயினும் மூன்று வேறுபாடுகள் எஞ்சுகின்றன. முதலாவது, பயிற்சிச் சிமுலேட்டரின் நடத்தை விமானத்தின் சோதனைப் பறப்புத் தரவுகளோடு எண்ணளவில் ஒப்பிடப்பட்டு, காலந்தோறும் மறுசோதனைக்கு உட்படுகிறது. இரண்டாவது, அங்குப் பறப்பவர் ஒருவரல்லர், இருவர். ஒருவர் ஓட்ட மற்றவர் கண்காணிப்பதும், பிழையைத் தயங்காது சுட்டுவதும் பயிற்சியின் உயிர்நாடி. மூன்றாவது, பின்னே அமர்ந்த பயிற்றுநர் எப்பொழுது எதைப் பழுதாக்குவார் என்பது பயில்பவருக்குத் தெரியாது. வீட்டில் பழுதைத் தேர்பவரும் அதை எதிர்கொள்பவரும் ஒருவரே.

உவமை பொருளினும் உயர்ந்ததாதல் வேண்டும் என்பது தொல்காப்பியரின் கருத்து. வினையளவில் சிமுலேட்டர் இக்கருத்துக்கு நன்கு பொருந்துகிறது. பயணம் தொடங்கும் கணத்தில் இயந்திரம் தீப்பற்றுதலையும், இரு இயந்திரங்களும் நின்றுபோதலையும் உண்மை விமானத்தில் பழகுதல் இயலாது. பழகினும் நடுவே நிறுத்தி விளக்கி மீண்டும் தொடங்க இயலாது. இவ்வகையில் சிமுலேட்டர் விமானத்தின் நிழலன்று. விமானத்தால் கற்பிக்க முடியாததைக் கற்பிப்பது.

பயன்: ஒப்புதலும் அதன் வலுவின்மையும்

பயனளவில் பிரிவு தெளிவானது. இந்தியாவில் வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரப் பறப்பு அனுபவம் வேண்டும். வீட்டுச் சிமுலேட்டரில் கழித்த மணிநேரம் எத்துணையாயினும் இதில் சேராது. மாறாக, பல நாடுகளில் அனுபவமுள்ள விமானி ஒருவர் புதிய வகை விமானத்துக்கான பயிற்சியை உயர்நிலைச் சிமுலேட்டரிலேயே முடித்து, அவ்வகை விமானத்தில் முதன்முதலாகப் பறக்கும்போதே பயணிகளையும் ஏற்றிச் செல்ல இயலும். மேற்பார்வையாளர் மட்டும் உடனிருப்பார். இதனினும் முழுமையான பொருள் மாறாப் போலி வேறில்லை.

எனினும் இக்கோடு அசையாதது அன்று. 1997இல் அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்பு, ஒப்புதல் பெற்ற மேசைக்கணினிப் பயிற்சிக் கருவியில் கழித்த 10 மணி நேரம் வரை கருவிவழிப் பறப்புத் தகுதிக்குக் கணக்கில் கொள்ள இசைந்தது. கணினி என்பது தடையாகவில்லை. வரையறுத்த பாடமும் பயிற்றுநரும் சேர்ந்தபோது அதுவே பயிற்சிக் கருவியாயிற்று.

ஒப்புதல் பெற்ற கருவியும் தவறுவதுண்டு. 2018 அக்டோபரிலும் 2019 மார்ச்சிலும் நிகழ்ந்த இரு போயிங் 737 மேக்ஸ் விபத்துகளில் 346 பேர் இறந்தனர். மேக்ஸ் சிமுலேட்டரின் மென்பொருள் சில பறப்பு நிலைகளைச் சரியாகக் காட்டவில்லை என்பதை 2019 மே மாதம் போயிங் நிறுவனமே ஒப்புக்கொண்டது. இந்தியாவில் 2022 ஏப்ரலில், ஸ்பைஸ்ஜெட் நிறுவனத்தின் 90 விமானிகள் மீள்பயிற்சி பெறும்வரை மேக்ஸ் விமானத்தை ஓட்டச் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் தடைவிதித்தது. அவர்கள் பயின்ற சிமுலேட்டரில், விமானம் தன் தாங்குவிசையை இழக்கவிருப்பதைக் கட்டுப்பாட்டுத் தண்டை அதிரச்செய்து எச்சரிக்கும் அமைப்பு சரிவர இயங்காமையே காரணம். காட்சி குறையவில்லை, நடைமுறை குறையவில்லை, கைக்கு வர வேண்டிய ஓர் அதிர்வு குறைந்தது. மெய்யில் நேர்ந்த அச்சிறு குறை பயன் முழுவதையும் செல்லாததாக்கிற்று. உருவை மட்டும் கொண்டு செய்யும் ஒப்பீடுகள் காணத் தவறுவது இதனையே.

ஒப்பீட்டின் எல்லை

உவமை கேட்போர் உள்ளத்தில் நிகழ்வது. சிமுலேட்டர் பயில்வோர் உடலிலும் நிகழ்வது. ஆதலால் நான்கு அளவைகளுக்குள் அடங்காத ஒன்று எஞ்சுகிறது. அதுவே அச்சம். இரு சிமுலேட்டர்களிலும் உயிருக்கு இடரில்லை. ஆயினும் பயிற்சிச் சிமுலேட்டரில் விமானி வியர்க்கிறார். மெய்ப்பாட்டியல் அச்சத்துக்குக் கூறும் நான்கு நிலைக்களன்களுள் இறையும் ஒன்று. அதிகாரம் உடையோர்முன் பிழைபட்டு நிற்கும் அச்சம் அது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடைபெறும் தகுதித் தேர்வில், பின்னிருக்கைத் தேர்வாளர் அந்த இறையின் இடத்தில் இருக்கிறார். தவறினால் போவது உயிரன்று, ஓட்டும் தகுதி. வீட்டுச் சிமுலேட்டரில் இவ்வச்சம் இல்லை. அஞ்சாது பிழைசெய்ய அது இடந்தருகிறது என்பது நன்மை. பிழைக்கு விலையில்லை என்று பழக்குகிறது என்பது தீமை.

முடிவுரை

வீட்டுச் சிமுலேட்டர் உருவில் விரிந்தது, வினையில் ஓரளவு ஒத்தது, மெய்யில் மெலிந்தது, சட்டப் பயனில் வெறுமையானது. பயிற்சிச் சிமுலேட்டர் உருவில் தேவைக்கேற்பச் சுருங்கி, வினையிலும் மெய்யிலும் செறிந்து, அவ்விரண்டின் வலுவால் பயன் பெறுவது. ஆகவே முன்னது பின்னதன் மலிவுப் பதிப்பன்று. இரண்டும் வெவ்வேறு அளவையில் நின்று ஒரே பொருளை ஒப்பவை.

இவ்வேறுபாடு நடைமுறைக்கும் உதவும். பெருநகரங்களில் கட்டணம் பெற்று நடத்தப்படும் பறப்பு அனுபவ மையங்கள் ‘அனுபவம்’ என்பதையும் ‘பயிற்சி’ என்பதையும் ஒருபொருட் சொற்களாக வழங்கும்போது, கருவிக்குரிய ஒப்புதல் எது, அம்மணிநேரம் எக்கணக்கில் சேரும் என்று வினவ மாணவர் அறிந்திருத்தல் வேண்டும். மறுபுறம், பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் பயிலும் கூமாப்பட்டி மாணவருக்கு, பள்ளிக் கணினியில் ஆசிரியர் வழிகாட்டலுடன் இயங்கும் ஓர் எளிய சிமுலேட்டர் திசைவேகத்தையும் திசைக்கோணத்தையும் விளக்கப் போதுமானது. தமிழில் பாடக்குறிப்பு இருப்பின் இன்னும் நன்று. அது அவரை விமானியாக்காது. விமானியாவதற்குச் செலவிடுமுன் எதைக் கேட்க வேண்டும் என்பதை அவருக்குக் கற்பிக்கும்.