யாருடைய வசந்தம்?

சித்திரை பிறந்துவிட்டால் ‘வசந்தம்’ என்றோ ‘இளவேனில்’ என்றோ தலைப்பிட்டு இளங்கவிஞர்க்குப் போட்டி வைப்பதும் கவியரங்கு கூட்டுவதும் தமிழர் வாழும் இடங்களில் நாம் கண்டு பழகிய காட்சிகளே. இவற்றை வெறும் பொழுதுபோக்கென்று ஒதுக்குவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. தன் பாட்டை முதன்முறையாக மற்றொருவர் முன் வைக்கும் துணிவை ஒரு மாணவிக்கு அளிக்கும் எதுவும் வரவேற்கத்தக்கதே. இலங்கையில் ஆண்டுதோறும் நடைபெறும் தமிழ்மொழித் தினப் போட்டிகளில் கவிதை ஆக்கமும் ஒன்றாக இருப்பதால், நகரத்து இலக்கியக் கூட்டங்களை அறியாத சிற்றூர்ப் பிள்ளைகளும் எழுதிப் பார்க்கிறார்கள். இது சிறு காரியமன்று. ஆயினும், தலைப்பு வசந்தமாக அமையும்போது நாம் ஒன்றைக் கேட்டாக வேண்டியிருக்கிறது. அது யாருடைய வசந்தம்?

திருகோணமலை நகருக்கு வடக்கே, புல்மோட்டைச் சாலையிலுள்ள நிலாவெளியை எடுத்துக்கொள்வோம். அங்கே ஐப்பசி தொடங்கித் தை வரையில் வடகீழ்ப் பருவக்காற்று மழையையும் கொந்தளிப்பையும் கொண்டுவருகிறது. பங்குனி, சித்திரையில்தான் கடல் அடங்குகிறது. கரைவலைத் தொழிலுக்கு நல்ல காலம் அப்போதுதான் பிறக்கிறது. தென்மேல் காற்றினால் மேற்குக் கரையில் கடல் பொங்கும் அம்மாதங்களில், நீர்கொழும்பு, சிலாபப் பகுதி மீனவர் கிழக்குக் கரைக்கு வந்து வாடியமைத்துத் தொழில் செய்வதும் நெடுங்கால வழக்கம். மொழியால் வேறுபட்ட உழைப்பாளர் ஒரே மணலில் சந்திக்கும் பருவம் இது. நட்பும் உண்டு, பூசலும் உண்டு. ஏடுகளில் மேனியை வருடும் தென்றல், இங்கே மலைநாட்டில் தன் மழையை இறக்கிவைத்துவிட்டு உலர்ந்த வெங்காற்றாக வந்து சேருகிறது. கீழ்க்கரை மக்கள் அதனைக் கச்சான் என்பர். சுற்றுலாப் பயணிகள் வரும் காலமும் இதுவே. கரைவலை இழுக்க நீண்ட வெறுங்கரை வேண்டும். விடுதி கட்டுவோர்க்கும் அதே கரை வேண்டும். எதிரேயுள்ள புறாத்தீவு 2003இல் தேசியப் பூங்காவாயிற்று.

ஆனால் போட்டிக்கு வரும் கவிதைகளில் பெரும்பாலானவற்றில் இந்தக் கடல் இல்லை. மாந்தளிர் உண்டு, மலர்ச்சோலை உண்டு, குயில் தவறாமல் உண்டு. நிலாவெளியில் குயில் கூவுவதில்லை என்று நாம் கூறவரவில்லை, கூவத்தான் செய்கிறது. அதனைக் காதால் கேட்டு எழுதியவர் எத்தனை பேர், பாடநூலிலிருந்து பிடித்து வந்தவர் எத்தனை பேர் என்பதே நம் ஐயம். குற்றம் பிள்ளைகளுடையதன்று. அத்தகைய கவிதைக்கே பரிசு கிடைக்கும் என்று அவர்களுக்குக் கற்பித்தவர்கள் ஆசிரியர்களும் நடுவர்களும்தாம்.

அரசியலும் இச்சொல்லை விட்டுவைக்கவில்லை. 2007இல் கிழக்கைப் படையினர் கைப்பற்றிய பின் ‘கிழக்கின் உதயம்’ என்றும், 2009இல் போர் முடிந்தபின் ‘வடக்கின் வசந்தம்’ என்றும் அரசாங்கம் தன் திட்டங்களுக்குப் பெயர் சூட்டியது. வீதிகளும் பாலங்களும் அமைந்தன. பிள்ளைகளைத் தேடியோர்க்கு விடை வரவில்லை. பெயர்ப்பலகையில் இச்சொல்லைப் படித்து வளர்ந்த தலைமுறையிடம் ‘வசந்தம் பற்றி எழுது’ என்று கூறுகையில், எத்துணைச் சுமையுள்ள சொல்லை அவர்கள் கையில் வைக்கிறோம் என்பதை நடுவர்கள் உணரவேண்டும். இடதுசாரிகளாகிய நாமும் தப்பவில்லை. நக்சல்பாரி எழுச்சியைப் பெக்கிங்கின் ‘மக்கள் நாளிதழ்’ 1967இல் ‘வசந்தத்தின் இடிமுழக்கம்’ என்று வாழ்த்தியதன் பின், நம் கவிஞர்கள் எத்தனை முறை அந்த இடியை முழக்கினார்கள்! இடி தேய்ந்தது, வசந்தமும் தேய்ந்தது. குயிலை நீக்கிச் செங்கொடியை நட்டுவிட்டால் கவிதை முற்போக்காகிவிடாது.

அப்படியானால் பழைய மரபைத் தூக்கியெறிய வேண்டுமா? மரபை உள்ளபடி அறிந்தவர் அவ்வாறு சொல்லார். ஐங்குறுநூற்றின் பாலைப் பகுதியில் ஓதலாந்தையார் பாடிய ‘இளவேனிற் பத்து’ இருக்கிறது. அதில் வேனில் மகிழ்ச்சிக்குரிய பருவமன்று. மரங்கள் பூக்கின்றன, குயில் கூவுகிறது, பருவம் சொன்னபடி வந்துவிட்டது, சென்றவன் வரவில்லை. பத்துப் பாடல்களிலும் இந்த ஒரே முறையீடு திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் 2017 முதல் வடக்கின் நகரங்களிலும் திருகோணமலையிலும் படங்களை ஏந்தி வீதியில் அமர்ந்தார்களே, அவர்களுக்கு இந்தப் பத்தினை விளக்கவுரை சொல்லிப் புரியவைக்க வேண்டுமா? பாலைத்திணை நெய்தல் நிலத்தில் வந்து குடியேறிவிட்டது. போரில் பன்முறை பெயர்ந்து, 2004 டிசம்பர் 26 அன்று கடலாலும் அடிக்கப்பட்ட நிலாவெளியிலே, ‘கடல் அடங்கிவிட்டது, அவர் வரவில்லை’ என்ற கருத்தில் ஒரு பெண் நான்கு வரி எழுதினால், அவள் சங்கப் புலவரோடு நேரே பேசுகிறாள். குயிலை எண்ணி மதிப்பெண் இடும் நடுவருக்கு அது தெரியாமற் போகலாம்.

பழைய வடிவம் புதிய வலியைத் தாங்கும் என்பதற்குத் திருகோணமலையிலேயே முன்னோடி உண்டு. அவ்வூர் தி. த. சரவணமுத்துப்பிள்ளை 1892இல் ‘தத்தைவிடு தூது’ வெளியிட்டார். தூது பழைய பிரபந்த வகை. கிளியும் பழைய பறவைதான். ஆனால் அக்கிளியிடம் அவர் பேசவைத்தது, வீட்டுக்குள் அடைக்கப்பட்ட பெண்ணின் விடுதலையை. இளைஞரொருவர் செய்த இத்துணிவை நம் பாடநூல்கள் போதிய அளவு கொண்டாடவில்லை என்பதே நம் கருத்து. அதே திருகோணமலையில் 1939 சித்திரையில் பிறந்த தருமு சிவராமு, பின்னாளில் பிரமிள், இருபதைத் தாண்டிய வயதில் சென்னை ‘எழுத்து’ இதழில் எழுதத் தொடங்கிப் புதுக்கவிதையின் போக்கையே மாற்றினார். அவருடைய உலகநோக்கு நமக்கு உடன்பாடன்று. அதற்காக அவர் கண்ட படிமங்களின் கூர்மையை மறுப்பது விமர்சனமாகாது. அவ்விருவரும் நடுவர் குழுவின் தலைப்புக்குக் காத்திருந்தவர்கள் அல்லர்.

ஈழத்தில் இளங்கவிஞர்களை வெளிக்கொணர்ந்த முயற்சிகளை நோக்கினால் பரிசைவிட அச்சே பெரிதும் உதவியிருக்கிறது. 1955இல் வரதரும் மஹாகவியும் கவிதைக்கென்றே ‘தேன்மொழி’ நடத்தினர். 1985இல் ‘மரணத்துள் வாழ்வோம்’ தொகுதி முப்பத்தொரு கவிஞரை ஒன்றாக நிறுத்தியது. அடுத்த ஆண்டு வந்த ‘சொல்லாத சேதிகள்’ பெண்களின் குரலுக்கென்றே ஒரு சிறு நூலாயிற்று. இவற்றில் முதலாம் இடம், இரண்டாம் இடம் என்று எதுவும் இல்லை. ஒருவர் கவிதை அடுத்தவர் கவிதையோடு வாதிட்டது.

ஆகவே போட்டி நடத்துவோரிடம் நாம் வேண்டுவது சிலவே. கவிதை எழுதப்பட்ட ஊரை அறிந்த ஒருவரேனும் நடுவராக இருக்கட்டும். அவர் கரைவலைச் சம்மாட்டியாக இருந்தாலும் தாழ்வில்லை. பரிசு பெறாதவற்றுள்ளும் நல்லவற்றைத் தொகுத்து, மலிவான தாளிலேனும் அச்சிட்டு, எழுதியோர் கையில் கொடுங்கள். மண்டபத்தில் மாலை சூட்டி முடிந்தபின், ஒருமுறை அக்கவிதைகளை வாடிகளுக்கு அருகே, வலை காயும் மாலைப் பொழுதில் வாசியுங்கள். எந்த வரியில் கேட்போர் தலை நிமிர்ந்து பார்க்கிறார்கள் என்பதை மாணவர்களே குறித்துக்கொள்ளட்டும்.