ஓ.பி. வரிசை

'வசூல்ராஜா எம்.பி.பி.எஸ்.' (2004) படத்தை டி.வி.யில் பத்தாவது தடவையாகப் பார்த்தேன். ஆள் வைத்துப் பரீட்சை எழுதி கமல் மெடிக்கல் சீட் வாங்குவது சிரிக்க மட்டும். ஆனால், இயக்குநர் சரண் ஒன்றைச் சரியாகப் பிடித்திருக்கிறார்: மனதில் நிற்கும் பாடமெல்லாம் வார்டில்தான். நோயாளிதான் வாத்தியார்.

படம் தொடாத கேள்வி: சேர்வதற்கு முன்பு கல்லூரியில் எதைப் பார்ப்பது?

நீட் எழுதிய நண்பர் மகள் கவுன்சலிங்குக்குப் பட்டியல் போட்டிருந்தாள். ஃபீஸ், ஏ.சி. ஹாஸ்டல், ஊர்...

''ஓ.பி.யில கூட்டம் வருதாம்மா?'' என்றேன்.

''அங்கிள், நீங்க பி.காம்.தானே?''

அதனால்தான் கேட்கிறேன். சரக்கு இருப்பை எண்ணாமல் கணக்கில் கையெழுத்துப் போடாதே என்பது எங்கள் பாலபாடம். இன்ஸ்பெக்‌ஷனில் போலி நோயாளிகளைக் காட்டியதாக 2025-ல் சி.பி.ஐ. வழக்கே பதிவு செய்தது. நோயாளியே இல்லாத ஆஸ்பத்திரியில் நாலரை வருஷம் படித்தவர், முதன்முதலாகக் கற்றுக்கொள்ளப் போவது யார் உடம்பில்? உங்கள் உடம்பில், என் உடம்பில்!

பெற்றோர்களே, வரவேற்பறையில் காபி குடித்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு திங்கட்கிழமை காலை போய், ஓ.பி. சீட்டு வரிசையில் தலைகளை எண்ணுங்கள். அப்புறம் ஹாஸ்டலைப் பார்க்கலாம்.