யாரைவிட?

ஆங்கில இலக்கணப் பயிற்சித்தாளை விமர்சனத்துக்குரிய பிரதியாக நாம் யாரும் நினைப்பதில்லை. நினைக்க வேண்டும் என்பது என் கட்சி. ஒரு குழந்தை தன் முதல் நாவலைத் தொடுவதற்குப் பல வருடம் முன்பே வரிவரியாகப் படித்து, கோடிட்ட இடம் நிரப்பி, மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிற பிரதி அது. அந்த அளவுக்கு ஆழமாக நாம் எந்த நாவலையும் படித்ததில்லை.

ஒரே ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்கிறேன்: வினையடைகளின் ஒப்பீட்டு நிலைகள். மூன்று கட்டம் கொண்ட அட்டவணை. ஃபாஸ்ட், ஃபாஸ்டர், ஃபாஸ்டஸ்ட். கேர்ஃபுல்லி, மோர் கேர்ஃபுல்லி, மோஸ்ட் கேர்ஃபுல்லி. வெல், பெட்டர், பெஸ்ட். கீழே மூன்று பிள்ளைகள் ஓடுகிற படம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் இத்தகைய தாள்களை வரிசையாகப் படித்தபோது, பெயர்கள்தான் மாறின. அந்த மூன்று பேரும் ஓடிக்கொண்டேதான் இருந்தார்கள்.

அமெரிக்காவில் 2010இல் வெளியான ‘காமன் கோர்’ பாடத்தரம் இதை மூன்றாம் வகுப்பில் வைக்கிறது. அது கேட்பது இரண்டு விஷயம். பெயரடை, வினையடை இரண்டின் ஒப்பீட்டு வடிவங்களையும் குழந்தை அமைக்க வேண்டும். எதை விவரிக்கிறோம் என்று பார்த்து இரண்டில் சரியானதைத் தேர்ந்தெடுக்கவும் வேண்டும். அட்டவணை முதல் வேலையோடு நின்றுவிடுகிறது. இரண்டாவதுதான் கஷ்டம். ‘ஃபாஸ்ட்’ என்ற ஒரே சொல் காரையும் விவரிக்கும், கார் ஓடுவதையும் விவரிக்கும். ‘ஹார்ட்’ என்பதோடு ‘லி’ சேர்த்தால் பொருளே தலைகீழாகிவிடும். ‘ஃப்ரெண்ட்லி’ வினையடை மாதிரி வேஷம் போட்ட பெயரடை.

இந்த இடத்தில் தமிழ்க் குழந்தை கொஞ்சம் முன்னால் நிற்கிறது. ‘வேகமான’ வேறு, ‘வேகமாக’ வேறு என்று அதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ‘வேகமான ஓடினான்’ என்று எந்தப் பிள்ளையும் சொல்லாது. ஆனால் நம் வகுப்பறைகளில் ‘டிகிரீஸ் ஆஃப் கம்பாரிசன்’ நடத்தும்போது அந்த அறிவை யாரும் கூப்பிடுவதே இல்லை. ஒரே வாக்கியத்தை மூன்று விதமாக மாற்றி எழுது, ‘நோ அதர்’ என்று ஆரம்பி, முடிந்தது பாடம்.

தமிழில் வினையடை ஒப்பீட்டுக்காக உருமாறுவதில்லை. ‘வேகமாக’ கடைசிவரை ‘வேகமாக’தான். மாற்றம் நடப்பது எதிரே நிற்கும் பெயரில்: ‘அவனைவிட வேகமாக’. ‘விட’ என்பது ‘விடு’ என்ற வினையிலிருந்து வந்த சொல். ஒருவரைப் பின்னால் விட்டுவிட்டுப் போகிற அசைவு அதற்குள் இருக்கிறது. நன்னூல், ஐந்தாம் வேற்றுமையின் பொருள்களில் நீங்கலையும் ஒப்பையும் ஒன்றாகவே வைக்கிறது. உச்ச நிலைக்கும் அப்படித்தான். ‘வகுப்பிலேயே வேகமாக’ என்று சொல்லும்போது எந்த வகுப்பு, எவ்வளவு பெரிய உலகம் என்ற எல்லை வாக்கியத்துக்குள்ளேயே வந்துவிடுகிறது.

ஆங்கிலத்தின் ‘ஃபாஸ்டர்’ தனியாக நிற்கும். சோப்பு விளம்பரங்கள் அதில்தான் பிழைக்கின்றன: இன்னும் நன்றாக வெளுக்கும். எதைவிட? பதில் வராது. இது விளம்பரத்தோடு நிற்பதில்லை. 1894இல் கூபெர்த்தாங் முன்வைத்த ஒலிம்பிக் வாசகமான ‘சிட்டியுஸ், அல்டியுஸ், ஃபோர்டியுஸ்’ மூன்றும் லத்தீனில் ஒப்பீட்டு வினையடைகள். யாரைவிட என்று அதிலும் இல்லை. ஆனால் அங்கே அந்த மௌனம் வேறு மாதிரி. எதிராளி பெயரே இல்லாததால், உன்னை நீயே தாண்டு என்றும் அதைப் படிக்கலாம். 2021இல் ‘சேர்ந்து’ என்ற பொருளில் நான்காவதாக ஒரு சொல்லைச் சேர்த்தார்கள். ‘சேர்ந்து’ என்பதற்கு மட்டும் ஒப்பீட்டு நிலை கொடுக்கவில்லை என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

பயிற்சித்தாளின் மேல் என் உண்மையான குறை இங்கேதான். பெயரடை ஆளைத் தொடுகிறது. வினையடை செயலைத் தொடுகிறது. ‘இவள் அவளைவிடக் கெட்டிக்காரி’ என்பது ஒரு குழந்தையின் மேல் ஒட்டிய சீட்டு, கிழிப்பது கஷ்டம். ‘இன்றைக்கு இவள் நிதானமாகப் படித்தாள்’ என்பது ஒரு நாளின் கதை. செயல் நாளைக்கு மாறலாம். இவ்வளவு கருணையுள்ள ஓர் இலக்கண வகையைக் கையில் வைத்துக்கொண்டு, நாம் அதிலும் மூன்று பேரை ஓடவிட்டு ரேங்க் போடுகிறோம். ஓட்டத்துக்காவது ஸ்டாப்வாட்ச் இருக்கிறது. ‘மோர் கேர்ஃபுல்லி’யை எதை வைத்து அளப்பது? ஒரு பட்டியலை வரிசைப்படுத்தச் சொன்னால் கம்ப்யூட்டர்கூட எந்த அளவுகோலை வைத்து என்று தெரியாமல் நகராது. அட்டவணை கேட்பதே இல்லை.

போட்டியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஓடினால் ஒருவர் முன்னால் வரத்தான் செய்வார், அதைச் சொல்ல மொழி வேண்டும். அட்டவணைக்கு நான்காவதாக ஒரு கட்டம் போடுங்கள் என்கிறேன், அவ்வளவுதான். தலைப்பு: ‘யாரைவிட, எதைவிட?’ முதல் பத்து வாக்கியங்களில் அந்தக் கட்டத்தில் இன்னொரு பிள்ளையின் பெயர் வரக்கூடாது. ‘நேற்றைவிட’ வரலாம். ‘மழை நாளைவிட’ வரலாம். ‘பசியோடு இருந்தபோது படித்ததைவிட’ என்று ஒரு பிள்ளை எழுதினால், அதற்கு முழு மார்க் போட்டுவிட்டு ஆசிரியர் கொஞ்ச நேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருக்கலாம்.