பட்டியலும் சாட்சியமும்

கள்ளக்குறிச்சிப் பக்கம் பஸ்ஸில் போகிறவன் கையில் திணிக்கப்படும் சுவிசேஷப் பிரசுரங்களில் ஒரு ரகம் உண்டு. நியூட்டன் விசுவாசித்தார், ஃபாரடே விசுவாசித்தார், பாஸ்டர் விசுவாசித்தார். சந்தேகப்பட நீ யார்? பகுத்தறிவு மேடையில் இதே பட்டியல் தலைகீழாக வரும். 1998இல் 'நேச்சர்' பத்திரிகையில் லார்ஸனும் விதமும் வெளியிட்ட கணக்குப்படி, அமெரிக்கத் தேசிய விஞ்ஞானக் கழக உறுப்பினர்களில் பதில் அனுப்பியவர்களுள் பிரார்த்தனைக்குச் செவிகொடுக்கும் கடவுளை நம்புகிறவர்கள் 7 சதவீதம். ஆகவே கடவுள் இல்லை. இரண்டு கட்சியும் உட்கார்ந்திருப்பது ஒரே பெஞ்சில்தான்.

இந்தச் சமாச்சாரம் இலக்கியப் பத்திரிகையில் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு: பட்டியல் நமக்கும் பழைய வியாதி. க.நா.சு. பட்டியல் போட்டார், காரணத்தை ரசனையிடம் விட்டுவிட்டு. 1959இல் 'எழுத்து' தொடங்கிய செல்லப்பா, அலசிக் காட்டு என்றார். க.நா.சு.வின் பட்டியல்கள் பெரும்பாலும் சரியாகவே இருந்தன என்பது என் அபிப்பிராயம். ஆனால் பட்டியல் சரியாக இருந்துவிடுவதாலேயே வாசகன் கையில் எதுவும் வந்துவிடுவதில்லை; அதை ஏற்கலாம் அல்லது கோபித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். இன்று எலியட் சொன்னார், பார்த் சொன்னார் என்று கட்டுரையை முடித்துவிடுகிறவர்கள் நியூட்டன் பிரசுரக்காரரைப் பார்த்துச் சிரிக்க அருகதை உள்ளவர்களா என்று யோசிக்க வேண்டும்.

பட்டியலைத் தர்க்கத்தால் மறுப்பதற்கு முன், அதைச் சும்மா வாசித்தாலே போதும். நியூட்டன் திரித்துவத்தை ஏற்காதவர். வெளியே சொன்னால் ஆபத்து என்று வாழ்நாளெல்லாம் அதை மறைத்து வைத்திருந்தார். அவர் சாட்சியம் செல்லும் என்றால் பிரசுரக்காரரின் சபையே நம்பும் விசுவாசப் பிரமாணத்துக்கு எதிராகவும் செல்லும். ஃபாரடே சாண்டிமேனியர் என்ற மிகச் சிறிய சபையைச் சேர்ந்தவர். பாஸ்டர் கத்தோலிக்கர். இந்த மூவரையும் ஒரே மாதா கோயிலில் உட்கார வைக்க முடியாது. ஒரே காகிதத்தில் அச்சடிக்கத்தான் முடியும்.

இன்னும் பக்கத்தில் வருவோம். ராமானுஜன் தன் கணிதத்தை நாமக்கல் நாமகிரித் தாயார் அருளியது என்றார். பிரசுரக்காரர் நாமகிரிக்கு மதம் மாறுவாரா? மாறமாட்டார். ராமானுஜனின் சூத்திரம் வேறு, அவருடைய தெய்வம் வேறு என்று உடனே சரியாகப் பிரித்துவிடுவார். அந்தக் கத்தியை நியூட்டன் மேல் வைக்கமாட்டார். எல்லா மதங்களும் ஏறக்குறைய ஒரே அளவு உண்மை என்று ராமானுஜன் தன்னிடம் சொன்னதாக ஹார்டி எழுதியிருக்கிறார். ஹார்டி கடவுளை நம்பாதவர். எண்களின் பிரிவினை பற்றி 1918இல் இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரையில் எந்த வரி ஆஸ்திகம், எந்த வரி நாஸ்திகம் என்று யாராவது காட்டட்டும். 1979இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அப்துஸ் சலாம் தொழுகிற முஸ்லிம், வைன்பெர்க் நாஸ்திகர். தனித்தனியாக யோசித்து ஒரே கோட்பாட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த மனிதர் கே.எம். மாத்யூ. இயேசு சபைப் பாதிரியார், தாவரவியலாளர், 2004இல் மறைந்தார். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் 1967இல் ராபினா உலர்தாவரகத்தை நிறுவியவர். 1981 முதல் 1988 வரை வெளிவந்த, தமிழ்நாட்டுக் கர்நாடகப் பகுதியின் தாவரங்களைப் பற்றிய அவருடைய பெரும் தொகுதிகளில் சேர்வராயன், கொல்லிமலை, பச்சைமலையோடு கல்வராயன் மலையும் இடம்பெறுகிறது. செடியைப் பறித்து, காகிதத்துக்கு நடுவே வைத்து அழுத்தி, காயவைத்து, அட்டையில் ஒட்டி, சீட்டு எழுதுகிற வேலை. சீட்டில் இடம், தேதி, சேகரித்தவர் பெயர், எண் எல்லாம் இருக்கும். சேகரித்தவரின் மதத்துக்குக் கட்டம் கிடையாது. கல்வராயன் மலையில் கடுக்காய் பொறுக்குகிற மலையாளிகள் (கேரளத்தவர் அல்ல, காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியதாகச் சொல்லிக்கொள்ளும் பழங்குடிகள்) கரியராமனைக் கும்பிடுகிறவர்கள். எது கடுக்காய் மரம், எது இல்லை என்பதில் பாதிரியாருக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் வராது. வந்தால் மரத்தடிக்குப் போய்த் தீர்த்துக்கொள்ளலாம். கிறிஸ்துவா, கரியராமனா என்பதை மரத்தடியில் தீர்க்க முடியாது.

ஆகவே விஞ்ஞானியின் விசுவாசத்துக்கு எந்தப் பொருத்தமும் இல்லையா? கொஞ்சம் இருக்கிறது. விஞ்ஞானம் படித்தவன் விசுவாசியாக இருக்கவே முடியாது என்று ஒருவன் சொன்னால், மாத்யூ ஒருவரே போதும் அதைப் பொய்யாக்க. ஒரே மண்டைக்குள் இரண்டும் குடியிருக்கலாம் என்று அது நிரூபிக்கிறது. இரண்டும் உண்மை என்று நிரூபிப்பதில்லை. மண்டைக்குள் குடியிருப்பவை எத்தனையோ.

கிறிஸ்தவம் சொல்வதில் ஒரு பகுதி சரித்திரம். சிலுவையில் செத்தவர் எழுந்தாரா? எழவில்லையென்றால் மற்றதெல்லாம் வீண் என்பதைப் பவுலே ஒப்புக்கொண்டிருக்கிறார். அந்த நேர்மை நம் பிரசுரங்களில் இல்லை. இதில் சாட்சி சொல்ல வேண்டியவர்கள் பழைய ஏடுகளை ஆராய்கிறவர்கள். பூவின் இதழ்களை எண்ணியவருக்கோ, மின்காந்தத்தைக் கண்டவருக்கோ இங்கே விசேஷ அதிகாரம் கிடையாது. அவருடைய விசுவாசம் அவருடைய ஆராய்ச்சியிலிருந்து பிறந்ததா, அம்மாவிடமிருந்து வந்ததா என்று கேட்டுப் பார்க்கலாம். அம்மாவிடமிருந்து வந்தது கேவலம் என்று சொல்லவில்லை. ஆனால் அது சோதனைச்சாலைச் சீட்டு ஒட்டிக்கொண்டு வரக் கூடாது.

இன்னொரு பகுதி, மனிதனை அது என்ன செய்கிறது என்பது. கிறிஸ்துவுக்குள் எல்லோரும் ஒன்று என்பதும் உண்மை என்று முன்வைக்கப்படும் வாக்கியம்தான். இதைச் சோதிக்க கேம்பிரிட்ஜ் போக வேண்டாம். உளுந்தூர்ப்பேட்டைக்குப் பக்கத்தில் இறையூர் இருக்கிறது. அப்போது விழுப்புரம் மாவட்டம்; 2019இலிருந்து கள்ளக்குறிச்சி. பழைய கத்தோலிக்க ஊர். 2008இல் தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்டார்கள். மார்ச் 9ஆம் தேதி அவர்கள் வீடுகளைத் தாக்கியவர்களும் கத்தோலிக்கர்களே. போலீஸ் சுட்டதில் இருவர் செத்தார்கள். உயிர்த்தெழுதல் நடந்ததா என்பதற்கு இறையூர் பதில் ஆகாது. தர்க்கம் எனக்கும் ஒன்றுதான், அதைச் சௌகரியத்துக்கு வளைக்க மாட்டேன். ஆனால் அந்த இரண்டாவது வாக்கியத்தை இறையூர்த் தெருவில் வைத்துப் பார்க்காத பிரசுரம் எதைப் பற்றிப் பேசுகிறது? பகுத்தறிவுக்காரர் கையிலிருக்கும் 7 சதவீதமும் அந்தத் தெருவுக்குள் நுழைவதில்லை.