தண்டர்பேர்டின் இயல்பிருப்புக் கோப்புறைகள்: ஒரு விமர்சனம்

தண்டர்பேர்டு ஒரு கட்டற்ற மின்னஞ்சல் மென்பொருள். இதன் 1.0 பதிப்பை மொசில்லா அறக்கட்டளை 2004 டிசம்பரில் வெளியிட்டது. பல கணக்குகளை ஒரே சாளரத்தில் கையாள முடிவது இதன் சிறப்பு. ஆனால் அனுப்பிய மடல், வரைவு, குப்பை, எரிதம் ஆகியவை எந்தக் கோப்புறையில் சேர வேண்டும் என்று அமைக்கும் முறை பயனரைக் குழப்புகிறது.

சிக்கலின் வேர்

மின்னஞ்சல் வழங்கியோடு மென்பொருள் பேசும் ஐமேப் நெறிமுறையை மார்க் கிறிஸ்பின் 1986இல் வடிவமைத்தார். அதில் 'இன்பாக்ஸ்' என்ற பெயர் மட்டுமே நிலையானது. அனுப்பிய மடல்களின் கோப்புறையை ஒரு வழங்கி 'சென்ட்' என்கிறது. இன்னொன்று 'சென்ட் ஐட்டம்ஸ்' என்கிறது. ஜிமெயில் 'சென்ட் மெயில்' என்கிறது. பெயர் ஒத்துப்போகாதபோது மென்பொருள் தன் வழக்கப்படி புதிய கோப்புறையை உருவாக்கிவிடும். பிறகு கணினியில் அனுப்பிய விண்ணப்பம் கைபேசியின் 'அனுப்பியவை' பட்டியலில் இராது. போகவில்லை என்று எண்ணி மாணவர் மறுபடியும் அனுப்புவார்.

இதற்குத் தீர்வாக, கோப்புறையின் பெயர் எதுவானாலும் அதன் பணி இன்னது என்று வழங்கியே அறிவிக்கும் முறை 2011இல் ஆர்எஃப்சி 6154 வழியாக வந்தது. ஆனால் அது கட்டாயமன்று. எல்லா வழங்கிகளும் அதைப் பின்பற்றுவதில்லை.

மென்பொருளின் குறை

நெறிமுறையின் குறைக்கு மென்பொருளைப் பழிக்க முடியாது. அமைப்புகளைச் சிதறவிட்டது மென்பொருளின் குறையே. அனுப்பியவை, வரைவு, காப்பகம் ஆகியவற்றை 'நகல்களும் கோப்புறைகளும்' பக்கத்தில் அமைக்க வேண்டும். குப்பைக்கு 'வழங்கி அமைப்புகள்', எரிதத்துக்கு 'எரித அமைப்புகள்' என்று வேறு பக்கங்களுக்குப் போக வேண்டும். ஒவ்வொரு கணக்குக்கும் இதே அலைச்சல்.

அனுப்பிய மடலின் நகலைத் தன் கணினியிலேயே வைத்துக்கொள்ளும் உரிமையும் இந்த அமைப்புகளில் உண்டு, அது பாராட்டத்தக்கது. ஆயினும் எந்தப் பணிக்கு எந்தக் கோப்புறை என்பதை ஒரே பட்டியலாகக் காட்டி, கணக்கைச் சேர்க்கும்போதே ஒப்புதல் கேட்டிருந்தால் பெரும்பாலான குழப்பம் நேராது.

பயனர் செய்யக்கூடியது

புதிய கணக்கைச் சேர்த்ததும் தமக்குத் தாமே ஒரு மடல் அனுப்பிப் பார்க்கலாம். அதன் நகல் எங்கே சேர்ந்தது என்பதை இணைய உலாவி வழியே சரிபார்க்க வேண்டும். இரண்டு கோப்புறைகள் தென்பட்டால் வழங்கியின் கோப்புறையைத் தெரிவுசெய்து, மற்றதிலுள்ள மடல்களை அதற்கு நகர்த்த வேண்டும். அதன் பின்னரே வெற்றுக் கோப்புறையை நீக்குவது நல்லது.